கொட்டை உடைக்கும் கிண்ணத்துக்குப் புளியா, வாகையா?

ஈரோட்டுப் பக்கம் எண்ணெய்ச் செக்குக்கு வாகை, கறிக்கடை அடிக்கட்டைக்குப் புளி. பாதாம், அக்ரூட் உடைத்துப் பரிமாறும் கிண்ணம் கடையவும் இவற்றில் ஒன்றைத்தான் எடுக்கிறேன்.

புளி நல்ல கனம். காய்ந்த கட்டை கன மீட்டருக்கு 900 கிலோ அளவில் வரும். வாகை 650க்குப் பக்கம். கிண்ணத்தின் நடுவில் மேடாக நிற்கும் குமிழில் கொட்டையை வைத்துச் சுத்தியால் தட்டினால் புளிக் கிண்ணம் நகராது, லேசில் குழியும் விழாது. ஆனால் ஒரு கிண்ணம் முடிவதற்குள் உளியை நாலு தடவை சாணை பிடிக்க வேண்டும். வெளிர்மஞ்சள் பகுதியை வண்டு துளைத்துவிடும். என் முதல் கிண்ணம் அப்படித்தான் கடலைக்காயோடு மரமாவையும் பரிமாறியது!

வாகை சொன்னபடி கேட்கும். எண்ணெய் தடவினால் பழுப்பு வைரத்தில் (மரத்தின் உள்பகுதியில்) கருவரிகள் எழுந்து வரும். தூள்தான் ஆகாது, முகமூடி இல்லாவிட்டால் தும்மியே ஓய்ந்துபோவோம்.

இரண்டையும் மரம் காயாத பச்சையிலேயே, கிண்ண விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமனாகக் கடைந்து, நிழலில் சில மாதம் காயவிட்டு, அப்புறம் இறுதியாகக் கடைய வேண்டும்.

கடலைக்காய்க்கு வாகை போதும், சரி. அக்ரூட்டுக்கு? இப்போதெல்லாம் கிண்ணத்தை வாகையில் கடைந்து, குமிழை மட்டும் புளியில், நார் நெட்டுக்குத்தாக நிற்கும்படி செருகிவிடுகிறேன்.