வேலையில் அடிபட்டால் மருத்துவமனைச் சீட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள்

பேக்கிங் மெஷினின் ரோலரில் என் வலது கை மாட்டியது, ஷிப்ட் நேரத்தில், கூட வேலை பார்த்தவர்கள் கண்ணெதிரே. ஆனால் மருத்துவமனைச் சீட்டில் இருப்பது வேறு: "வீட்டில் கதவிடுக்கில் விரல் நசுங்கியது." அந்த ஒரு வரியைக் காட்டித்தான் கம்பெனி இழப்பீடு தர மறுக்கிறது. இன்னொருவருக்கு இப்படி நடக்கக்கூடாது என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன்.

"ஆம்புலன்ஸ் வர நேரமாகும்" என்று சூப்பர்வைசர் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டார். வழியில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியைத் தாண்டி, கம்பெனிக்கு வேண்டப்பட்ட ஒரு கிளினிக்கில் போய் நின்றது வண்டி. நான் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க, டாக்டரிடம் பேசியது முழுக்க அவர்தான். கதவு கதையைச் சொன்னதும் அவர்தான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "கம்பெனின்னு எழுதினா விசாரணை அது இதுன்னு இழுத்தடிப்பாங்க, ட்ரீட்மென்ட் லேட்டாகும். செலவெல்லாம் நாங்க பாத்துக்கறோம் தம்பி" என்று தோளைத் தட்டினார்.

சரி, தையலுக்கும் எக்ஸ்ரேவுக்கும் பணம் கட்டினார்கள். அதோடு நிற்கவில்லை. கட்டுப் பிரிக்கும் முன்பே ஆபீஸுக்குக் கூப்பிட்டு ஒரு தொகையைக் கொடுத்தார்கள். அரை மாதச் சம்பளத்துக்குக்கூட வராது. கூடவே ஒரு தாள். மேலே "நல்லெண்ண உதவி" என்று பெரிதாக, கடைசிப் பத்தியில் பொடி எழுத்தில், "இது தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் வைக்கமாட்டேன்." வலது கையில் கட்டு இருந்ததால் இடது கைப் பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டார்கள். படித்துக் காட்டவும் இல்லை, நகல் தரவும் இல்லை.

ஏன் அவ்வளவு அவசரம் என்பது பிறகுதான் விளங்கியது. நிரந்தர ஊனம் எத்தனை சதவீதம் என்பதைக் காயம் ஆறி, இதற்கு மேல் தேறாது என்ற நிலை வந்த பிறகுதான் மருத்துவர்கள் கணக்கிடுவார்கள். இழப்பீட்டில் பெரிய பங்கு பெரும்பாலும் அந்தச் சதவீதத்தை வைத்துத்தான் வரும். அதற்கு முன்பே ரேகை வாங்கிவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்கிறார்கள். எனக்குக் கட்டுப் பிரித்ததும் ஆள்காட்டி விரல் மடங்கவே இல்லை. சட்டைப் பொத்தானைப் போட இன்றும் இடது கைதான்.

இழப்பீடு கேட்டுப் போனபோது மூன்று பதில் வந்தது. ஒன்று, விபத்து வீட்டில் நடந்தது. இரண்டு, மெஷினில் நான் கவனக்குறைவாக இருந்தேன். மூன்று, நான் காண்ட்ராக்ட் ஆள். வீட்டில் நடந்திருந்தால் மெஷினில் கவனக்குறைவு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு யாரும் வாயைத் திறக்கவில்லை. ரோலரின் மேல் இருக்க வேண்டிய தடுப்பு மூடி வேகத்துக்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது பற்றியும் பேச்சில்லை.

கவனக்குறைவு என்ற வார்த்தையைக் கேட்டதும் நம்மில் பலர் வாயடைத்துப் போகிறோம். பயப்படாதீர்கள். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்களின் அடிப்படையே, தவறு யாருடையது என்று பார்க்காமல் கொடுப்பதுதான். ஜெர்மனி 1884-லும் பிரிட்டன் 1897-லும் இதற்கெனச் சட்டம் கொண்டுவந்தன. பல நாடுகளில் இதற்கு ஈடாகத் தொழிலாளி முதலாளி மீது தனியாக நஷ்டஈட்டு வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுத்திருக்கிறார். சும்மா கிடைத்த சலுகை இல்லை இது. குடிபோதையில் இருந்தது, வேண்டுமென்றே காயப்படுத்திக்கொண்டது போன்ற சில விதிவிலக்குகள் பொதுவாக உண்டு. சாதாரண கவனப் பிசகு அந்தப் பட்டியலில் வராது.

காண்ட்ராக்ட் ஆள் என்பதும் அப்படித்தான். பல சட்டங்களில் காண்ட்ராக்டர் கைவிரித்தால் வேலை வாங்கிய கம்பெனி பொறுப்பேற்க வேண்டும். வெளிநாட்டில் வேலை செய்பவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1925-ஆம் ஆண்டு உடன்படிக்கை ஒன்று, அதை ஏற்ற நாடுகள் ஒன்று மற்றொன்றின் தொழிலாளர்களுக்கு விபத்து இழப்பீட்டில் தன் குடிமக்களுக்கு இணையாகத் தர வேண்டும் என்கிறது. அதே அமைப்பின் 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கையில், வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு, மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ள தொழிலாளிக்கு வருமானத்தில் 60 சதவீதம் குறைந்தபட்ச அளவு. உங்கள் நாட்டுச் சட்டத்தில் எவ்வளவு என்று தொழிலாளர் துறையிலோ சங்கத்திலோ கேளுங்கள். அரை மாதச் சம்பளத்தை உதவி என்று நீட்டுகிறவர்களிடம் கேட்காதீர்கள்.

சிகிச்சை அறையில் எவ்வளவு வலி இருந்தாலும் டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள்: எங்கே, எந்த மெஷினில், எத்தனை மணிக்கு. பேச முடியாவிட்டால் வீட்டு ஆள் வரும்வரை கம்பெனி ஆளை மட்டும் பேச விடாதீர்கள். சீட்டைக் கையில் வாங்கியதும் படியுங்கள், போட்டோ எடுங்கள். அப்புறம் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை, தேதியும் நேரமும் அதில் நிற்கும். விபத்துப் பதிவேட்டில் பெயர் ஏறியதா என்று கேளுங்கள். என் பெயர் ஏறவே இல்லை.

சீட்டு ஏற்கெனவே தவறாகப் போயிருந்தால் அடுத்த மருத்துவரிடம் உண்மையைச் சொல்லி அதைப் பதியச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். விபத்தன்று கூட வேலை பார்த்தவர் ஷிப்ட் குழுவில் போட்ட "கை ரோலர்ல மாட்டிடுச்சு, ஓடி வாங்க" என்ற செய்தியும் ரத்தம் படிந்த ரோலரின் படமும்தான் இப்போது என் பலமான சாட்சி. ரேகை வைத்த தாளைப் பற்றி வக்கீல் சொன்னது கொஞ்சம் தெம்பு தந்தது: பல நாடுகளில், அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் இழப்பீட்டு உரிமையை எழுதிக்கொடுத்தால் அது செல்லாது. ஆனால் காலக்கெடு உண்டு, அது இடத்துக்கு இடம் மாறும். "பேசி முடிச்சுக்கலாம், பொறுங்க" என்று கம்பெனி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது ஓடிக்கொண்டிருக்கும். பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், மனுவைப் போட்டுவிடுங்கள்.

என் மனு விசாரணையில் இருக்கிறது. கம்பெனியின் பெயரை இங்கே எழுதாததற்கு அதுதான் காரணம்.