ஸ்கேன்டிருடன் ஆறு வருடம்

பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்த படங்களைப் பக்க வரிசையில் கோத்து பிடிஎஃப் ஆக்கும் ஒரு சி நிரலை ஆறு வருடமாகப் பராமரித்து வருகிறேன். முதலில் ஃபோல்டரைத் திறக்கும் ஓபன்டிர், அதிலிருந்து ஒவ்வொரு பெயராகப் படிக்கும் ரீட்டிர் என்று நானே லூப் போட்டு, கடைசியில் வரிசைப்படுத்தும் க்யூசார்ட்டைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஃபோல்டரில் உள்ள பெயர்களை அடுக்கிப் பட்டியலாகத் தரும் ஸ்கேன்டிர் என்ற சி ஃபங்ஷனுக்கு மாறியதும் அத்தனையும் ஒரே அழைப்பில் முடிந்தது. ஃபோல்டர் பெயர், விடை வந்து சேர ஒரு பாயின்டர், எது வேண்டும் என்று சொல்லும் ஃபில்டர், எப்படி அடுக்குவது என்று சொல்லும் ஒப்பீட்டு ஃபங்ஷன். அவ்வளவுதான். யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸின் 2008 பதிப்பில் இருப்பதால் லினக்ஸ், மேக் இரண்டிலும் ஓடுகிறது.

எனக்கு அதிகம் பாடம் சொல்லிக்கொடுத்தது அடுக்கும் பகுதிதான். ஒப்பீட்டு ஃபங்ஷனாக, பெயர்களை எழுத்து எழுத்தாக ஒப்பிடும் ஆல்ஃபாசார்ட்டைக் கொடுத்தால் பக்கம்1, பக்கம்10, பக்கம்100, அப்புறம்தான் பக்கம்2. வெர்ஷன்சார்ட் என்று மாற்றியதும் எண்கள் எண்களாகவே அடுக்கப்பட்டன. ஆனால் அது தரத்தில் இல்லாத, குனு திட்டத்தார் சேர்த்த நீட்சி. மேக்கில் கிடையாது, அங்கே சொந்தமாக ஒன்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஊர்ப் பெயரில் இருந்த ஃபோல்டர்களில் வேறு சிக்கல். பள்ளிபாளையம், பழனி, பவானி என்று வந்தன. நம் அகராதி வரிசையில் வ, ழ, ள என்றல்லவா வர வேண்டும்? யூனிகோடில் ள, ழ, வ என்று இடம் கொடுத்திருப்பதால் பட்டியல் அப்படியே தலைகீழாகிவிட்டது. லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியில் ஆல்ஃபாசார்ட், லோக்கேலை, அதாவது மொழி, வட்டார அமைப்பைப் பார்த்து ஒப்பிடும் ஸ்ட்ர்கால் என்ற ஃபங்ஷனைத்தான் கூப்பிடுகிறது. நிரலின் தொடக்கத்தில் அந்த அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் செட்லோக்கேல் எழுத நான் மறந்திருந்தேன். தமிழ் லோக்கேலை அமைத்ததும் பவானி முதலில் வந்து நின்றது. அந்தத் திரையைப் பார்த்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. வெர்ஷன்சார்ட் லோக்கேலைப் பார்க்காது. அதனால் ஊர்களுக்கு ஆல்ஃபாசார்ட், பக்கங்களுக்கு வெர்ஷன்சார்ட் என்று பிரித்துவிட்டேன்.

ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவரின் பழைய சர்வரில் நிரல் ஒரு கோப்பு கூட இல்லை என்றது. ஃபோல்டரில் நூற்றுக்கணக்கில் படங்கள் இருந்தன. என் ஃபில்டர், கோப்பா ஃபோல்டரா என்று சொல்லும் டி_டைப்பை மட்டும் பார்த்து, சாதாரணக் கோப்பு என்றால் 1, இல்லையென்றால் 0 திருப்பிக்கொண்டிருந்தது. அந்தக் கோப்பு முறைமையோ எல்லாவற்றுக்கும் ‘தெரியாது’ என்றே பதில் தந்தது. அந்தத் ‘தெரியாது’, அதாவது டிடி_அன்நோன் வந்தால், கோப்பின் விவரத்தைக் கேட்கும் எல்ஸ்டாட் செய்து பார்க்க வேண்டும் என்பதை அன்றுதான் சேர்த்தேன்.

மெமரியில் கவனம் தேவை. ஸ்கேன்டிர் தரும் பட்டியலில் ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாக ஃப்ரீ செய்து (மெமரியை விடுவித்து), அப்புறம் பட்டியலையும் ஃப்ரீ செய்ய வேண்டும். நான் பட்டியலை மட்டும் விடுவித்திருந்ததை மெமரிப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்ட் கருவி காட்டிக்கொடுத்தது. தேதி வரிசைக்காக ஒப்பீட்டு ஃபங்ஷனுக்குள், கோப்பின் விவரம் கேட்கும் ஸ்டாட்டைக் கூப்பிடுவதையும் விட்டுவிட்டேன். 2,000 கோப்புகளை அடுக்க ஏறக்குறைய 20,000 ஒப்பீடுகள் ஆகும். ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்டாட். லட்சக்கணக்கில் கோப்பு உள்ள இடத்தில் ஸ்கேன்டிரே வேண்டாம். எல்லாவற்றையும் மெமரியில் ஏற்றிய பிறகுதான் முதல் பெயரையே தரும். அங்கே ரீட்டிர்தான் சரி.

குறை என்றால் ஒன்றுதான். ஃபில்டருக்கு நம் பங்கில் கூடுதலாக எதையும் அனுப்ப வழியில்லை. எந்தப் பின்னொட்டு உள்ள கோப்பு வேண்டும் என்பதைக் கூட குளோபல் மாறியில் வைக்க வேண்டியிருக்கிறது. நிரலுக்குள் ஒரே நேரத்தில் பல த்ரெட்டுகள் (இணையாக ஓடும் வேலைகள்) ஓடும்போது மோதாமல் இருக்க, அதைத் த்ரெட்டுக்கு ஒன்றாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.