மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி: சின்ன கடைக்காரங்க கண்டிப்பா போட்டுப் பாக்க வேண்டிய டூல்

நானும் அக்காவும் சேலை விக்கிற சின்ன வெப்சைட் ஒண்ணு நடத்துறோம். ஆளுங்க வர்றாங்க, சேலை பக்கம் வரைக்கும் போறாங்க, அதுக்கப்புறம் ஆளையே காணோம். அனலிட்டிக்ஸ் ரிப்போர்ட்ல எத்தனை பேர் போனாங்கன்னு இருக்கு, ஏன் போனாங்கன்னு இல்ல. விலை ஜாஸ்தின்னு அக்கா சொல்ல, போட்டோ சரியில்லன்னு நான் சொல்ல, ரெண்டு பேரும் குத்துமதிப்பாத்தான் பேசிட்டிருந்தோம்.

அப்பதான் வர்றவங்க சைட்ல என்ன பண்றாங்கன்னு காட்டுற இந்த கிளாரிட்டிய போட்டோம். 2020லேர்ந்து எல்லாருக்கும் கிடைக்குது, முழுசா இலவசம், எவ்வளவு பேர் வந்தாலும் லிமிட் கிடையாது. சைட்ல ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்ன கோட், ஒட்டினா போதும், வந்தவங்க எங்க தொட்டாங்க, எவ்வளவு தூரம் ஸ்க்ரோல் பண்ணாங்கன்னு கலர் கலரா காட்டுற ஹீட்மேப் வந்துடும். ஆனா எனக்கு பெரிய விஷயமா பட்டது ரெக்கார்டிங்தான், ஒருத்தர் சைட்ல பண்ணத வீடியோ மாதிரி ஓட்டிப் பாக்கலாம். மொத நாள் ராத்திரி உக்காந்து பாத்தா ஒருத்தர் விடாம சேலை போட்டோ மேல தட்டிக்கிட்டே இருக்காங்க, ஜரிகைய பெருசாக்கி பாக்கணும் அவங்களுக்கு, நாங்க ஜூமே வைக்கல! இந்த மாதிரி ஒரே இடத்துல படபடன்னு தட்டுறத ரேஜ் கிளிக்னும், தட்டியும் ஒண்ணும் நடக்கலன்னா டெட் கிளிக்னும் அதுவே பிரிச்சு குடுத்துடுது. இன்னும் நிறைய பேர் கீழ வரைக்கும் போய் எதையோ தேடிட்டு மேல வர்றாங்க. டெலிவரி சார்ஜ் எவ்வளவுன்னு தேடுறாங்களோன்னு தோணுச்சு, அது பேமென்ட் பக்கத்துலதான் இருந்துச்சு.

தோணுச்சுன்னு சொல்றதுக்கு காரணம் இருக்கு, என்ன பண்ணாங்கன்னு மட்டும்தான் இதுல தெரியும், மனசுல என்ன இருந்துச்சுன்னு தெரியாது. அதனால சித்தி கையில போனைக் குடுத்து ஒரு சேலை வாங்குங்கன்னு சொல்லிட்டு வாயே தொறக்காம பக்கத்துல உக்காந்தேன். "அனுப்புற காசு எவ்வளவுன்னு எங்கடி போட்டிருக்க?"ன்னு அவங்களே கேட்டுட்டாங்க. இப்போ அத விலைக்கு கீழயே போட்டாச்சு, ஜூமும் வெச்சாச்சு.

பிரைவசி பத்தி கேப்பீங்க. டைப் பண்றது மறைச்சுதான் பதிவாகும், வெப்சைட் பக்கத்துல இருக்கிற எழுத்து மொத்தமும் மறையணும்னா ஸ்ட்ரிக்ட் மோட் போடுங்க, இப்படி பதிவு பண்றோம்னு சைட்லயும் தெளிவா எழுதிடுங்க, அது நாம செய்ய வேண்டிய மரியாதை. ரெக்கார்டிங் சாதாரணமா 30 நாள்தான் இருக்கும், அதனால தள்ளிப்போடாம மொபைல்னு ஃபில்டர் போட்டு வாரம் ஒரு பத்து ரெக்கார்டிங்காவது பாத்துடுங்க.