ரிவ்யூ போர்டா, ரெப்போவில் இருக்கும் குறிப்பா?

முன்பு வேலை பார்த்த இடத்தில் வியாழக்கிழமை மூன்று மணி என்றால் ஆர்க்கிடெக்சர் ரிவ்யூ போர்டு, அதாவது மென்பொருள் வடிவமைப்பு முடிவுகளுக்கு ஒப்புதல் தரும் குழு. அதில் இடம் கிடைக்கவே மூன்று வாரம் ஆகும். ஒருமுறை நாற்பது ஸ்லைடு காட்டி ஒப்புதல் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், அந்தச் சேவை ஏற்கெனவே ப்ரொடக்‌ஷனில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்லைடில் வரைந்திருந்த ஒரு சர்வரைக் கழற்றியே ஆறு மாதம் ஆகியிருந்தது.

இந்த போர்டு வழக்கத்துக்குப் பின்னால் பெரும்பாலும் டோகாஃப் என்ற நிறுவனக் கட்டமைப்பு வழிமுறைதான் இருக்கும். 1995-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டாஃபிம் என்ற கட்டமைப்பு வழிகாட்டியிலிருந்து கிளைத்தது. ஏ முதல் எச் வரை எட்டுக் கட்டங்கள். அவற்றை வரிசையாக ஒருமுறை ஏறி முடிக்க வேண்டிய படிக்கட்டாக நினைத்தது நம் தப்பு. தேவைக்கேற்ப வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் என்று டோகாஃபே சொல்கிறது.

எதிர்ப்பக்கம் ஏடிஆர், அதாவது ஒரு வடிவமைப்பு முடிவை எழுதி வைக்கும் சிறு குறிப்பு. 2011-இல் மைக்கேல் நைகார்ட் முன்வைத்த வடிவம்: தலைப்பு, நிலை, சூழல், முடிவு, விளைவுகள். ஓரிரு பக்கம், அவ்வளவுதான். கோட் இருக்கும் ரெப்போவிலேயே இருக்கும். முடிவு மாறினால் பழையதை அழிப்பதில்லை, ‘இதற்குப் பதில் 14-ஆம் ஏடிஆரைப் பார்க்கவும்’ என்று குறித்துவிடுவார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு இது தங்கம். கூடவே ஆர்ச்யூனிட் மாதிரி கோடின் அமைப்பைச் சோதிக்கும் கருவி ஒன்றை வைத்து, ‘பில்லிங் கிளாஸ்கள் வாடிக்கையாளர் தரவு கிளாஸ்களை நேரடியாக அழைக்கக் கூடாது’ என்று டெஸ்ட் எழுதிவிட்டால், மீறுகிற அன்றே பில்ட் உடையும். எந்த போர்டும் இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்காது.

சரி, அப்படியானால் போர்டைக் கலைத்துவிடலாமா? அறுபது டீம் தனித்தனியாக ஏடிஆர் எழுதினால், வாடிக்கையாளர் முகவரி ஐந்து இடத்தில் இருப்பது யார் கண்ணில் படும்? பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் பெரும்பாலும் ஒரே வீச்சில் புதிய கணினித் தளத்துக்கு மாறி, லட்சக்கணக்கானோர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். 2022-இல் விழுந்த அபராதம் 4.865 கோடி பவுண்டு. ‘ஏன் ஒரே வாரக்கடைசியில்?’ என்ற கேள்வியை ஒரு டீமின் ரெப்போவுக்குள் உட்கார்ந்துகொண்டு கேட்க முடியாது.

என் ஓட்டு ஏடிஆருக்குத்தான். ஒரு டீமோடு முடிகிற, நாளைக்கே திருப்பிக்கொள்ளக்கூடிய முடிவுகளுக்கு போர்டு தேவையே இல்லை. எல்லை தாண்டுவதும் திரும்ப முடியாததும் மட்டும் அங்கே போகட்டும், அதுவும் ஸ்லைடாக இல்லாமல் ஏடிஆராக. இப்போது நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். போன வாரம் வந்த ஒன்றில் ‘விளைவுகள்’ என்பதன் கீழே, “டேட்டாபேஸை மாற்ற வேண்டி வந்தால் எங்களுக்கு ரொம்ப வலிக்கும்” என்று ஒரு ஜூனியர் எழுதியிருந்தார். பத்து நிமிடத்தில் ஒப்புதல் கொடுத்துவிட்டோம்.