பூனைக்குப் பல் சுத்தம் என்று 7,400 ரூபாய் போச்சு: தர்மபுரிக்காரர்கள் கவனம்

கோபத்தில்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. பூனை வளர்ப்பவர்கள் கடைசி வரை படியுங்கள், பல் சுத்தம் செய்யப் போகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாகச் சொல்கிறேன்.

போனது 7,400 ரூபாய். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், பக்கம் ரெண்டு ரூபாய். 3,700 பக்கம் போட்டால் 7,400. அதிலும் பேப்பர், டோனர், கரண்ட் எதையும் கழிக்கவில்லை.

எங்கள் பூனை பேர் பூசணி. மஞ்சள் கடுவன், ஆறு வயது, கடையில் ஏ4 கட்டின் மேல்தான் தூக்கம். ஒரு மாதமாக வாய் நாற்றம். கொட்டாவி விட்டால் பக்கத்தில் நிற்க முடியாது. நெத்திலி போட்டால் ஓடி வருவான், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ரெண்டு கடி கடிப்பான், அப்படியே கீழே போட்டுவிட்டு என்னைப் பார்ப்பான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் அவசரப்பட்டேன்.

போனில் விளம்பரம் வந்தது. பூனைக்குப் பல் சுத்தம் 1,500 ரூபாய் மட்டும் என்று போட்டிருந்தார்கள். கடை பேர் இங்கே எழுதவில்லை, மகன் வேண்டாம் என்கிறான். நாய் பூனைக்குக் குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் வெட்டிவிடும் கடை. ஏசி, கண்ணாடிக் கதவு, வாசலில் பெரிய நாய் படம். போன புதன்கிழமை கூடையில் வைத்துக் கொண்டுபோனேன்.

நான் ஏமாந்த இடம் எது என்று இப்போது யோசித்தால் விலை இல்லை. அந்த ஆள் பூசணியைத் தூக்கிய விதம். பூசணி யாரிடமும் போகமாட்டான், என் மாமியாரையே கீறியவன். அந்த ஆள் வெள்ளைக் கோட்டோடு வந்து, கழுத்துக்குக் கீழே ரெண்டு விரலால் தடவிக்கொடுத்தார், இவன் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டான்! "எங்க வீட்லயும் ரெண்டு இருக்குக்கா" என்று போனில் போட்டோ காட்டினார். அப்புறம் உதட்டை மெதுவாகத் தூக்கி டார்ச் அடித்தார். உள்ளே மேல் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கல் மாதிரி ஒட்டியிருந்தது, ஈறு ரத்தச் சிவப்பு. "இப்படியே விட்டா கிட்னி போயிடும்க்கா. 1,500 சும்மா மேலாக்கத் தேய்க்கிறது. மயக்க ஊசி, ரத்த டெஸ்ட், எக்ஸ்ரே, ஸ்கேலிங், பாலிஷ் எல்லாம் சேர்த்து 7,400 பேக்கேஜ். டாக்டர் உள்ளேதான் இருக்கார்."

உள்ளே இருந்த டாக்டரை நான் பார்க்கவில்லை. பார்க்கணும் என்றும் தோன்றவில்லை. தோளில் பூனை உட்கார்ந்திருக்கிறதே, அது போதாதா எனக்கு. ஜிபேயில் 7,400 அனுப்பினேன். பில் கேட்டதற்கு வாட்ஸப்பில் வரும் என்றார்கள். தினமும் வருகிறவர்களிடம் "எதுக்கும் ஒரு காப்பி வெச்சுக்குங்க" என்று சொல்கிறவள் நான். என்னிடம் ஒரு துண்டுச்சீட்டு இல்லை.

ஒன்றரை மணி நேரத்தில் கூப்பிட்டார்கள். முன்பல் எல்லாம் பளிச்சென்று இருந்தது. பூசணி கூடையிலிருந்து எகிறிக் குதித்து ஆட்டோவுக்கு அடியில் போய்விட்டான். மயக்கம் தெளிந்த பூனை இப்படி ஓடுமா என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. காலையில் சாப்பிட்டானா என்றுகூட யாரும் கேட்கவில்லையே என்பதும் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. ஒரு கிண்ணம் மீன் சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தான்.

வியாழன் முழுக்க எச்சில் ஒழுகியது, லேசாக ரத்தமும். போன் செய்தேன். "டாக்டர் கேஸ்ல இருக்கார்." மறுபடி செய்தேன். "அண்ணன் ஓசூர் போயிருக்கார்." மூன்றாவது தடவை ஒரு பையன் எடுத்தான், "வலிக்கு பாராசிட்டமால் சிரப் ரெண்டு சொட்டு விடுங்கக்கா" என்றான். மகன் ஓடிப்போய் வாங்கியும் வந்துவிட்டான். பூசணி வாயைத் திறக்கவே விடவில்லை, என் கை முழுக்கக் கீறல்தான் மிச்சம். அந்தப் பிடிவாதத்துக்கு நான் கோவிலுக்குத்தான் போக வேண்டும், ஏன் என்று கீழே வருகிறது.

எக்ஸ்ரேவையாவது அனுப்புங்கள் என்று மெசேஜ் போட்டுக்கொண்டே இருந்தேன். ராத்திரி பத்தரைக்கு ஒரு படம் வந்தது. படத்துக்கு மேலே ஃபார்வர்டு அம்புக்குறி, அதுவும் ஒன்று இல்லை, ரெண்டு. பலபேர் கை மாறி வந்த படத்துக்குத்தான் அப்படி விழும், குட் மார்னிங் படங்களில் பார்த்திருப்பீர்கள்.

நேற்று அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப்போனேன். டாக்டரம்மா படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "இது நாய்த் தாடைங்க. நாய்க்கு 42 பல், பூனைக்கு 30தான்." நாய் எக்ஸ்ரேவுக்கு நான் காசு கொடுத்திருக்கிறேன்.

அவர் முன்கால் ரெண்டையும் தடவிப் பார்த்தார். ஊசிக்குழாய் ஏற்றியிருந்தால் கொஞ்ச இடம் முடி மழித்திருப்பார்களாம், ஒரு முடிகூடக் குறையவில்லை. ஆக மயக்கமும் இல்லை, ரத்த டெஸ்டும் இல்லை. முழித்திருக்கும் பூனையை நாலு பேர் அமுக்கிப் பிடித்து முன்பல்லைச் சுரண்டியிருக்கிறார்கள். பின்பல்லில் கல் அப்படியே இருக்கிறது. நோய் இருப்பது ஈறுக்கு அடியில், அங்கே கருவி போக வேண்டும் என்றால் பூனை அசையாமல் தூங்க வேண்டும். ஸ்கேலர் என்கிற கல் சுரண்டும் கருவி தண்ணீர் பீய்ச்சும், அது நுரையீரலுக்குப் போகாமல் இருக்கத் தொண்டையில் குழாய் போடணும். சுரண்டின பல் சொரசொரப்பாகிவிடும், பாலிஷ் போடாவிட்டால் அழுக்கு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். செலவு கூடுவதே இந்த மயக்கம், டெஸ்ட், எக்ஸ்ரே எல்லாவற்றாலும்தான், வெறும் சுரண்டலுக்கு இல்லை என்றார். பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதற்குத் தனியாக ஆகும்.

பூசணிக்குக் கீழே ஒரு பல் ஈறோடு சேரும் இடத்தில் அரித்த மாதிரி இருக்கிறதாம். பூனைகளுக்குப் பல் இப்படித் தானாகவே கரைவது உண்டு, நல்ல வலி இருக்கும், வேர் எப்படி இருக்கிறது என்று எக்ஸ்ரேயில்தான் தெரியும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தார். சிரப் விஷயத்தைச் சொன்னதும்தான் அவர் முகம் மாறியது. பாராசிட்டமால் பூனைக்கு விஷம், ரத்தத்தையே கெடுத்துக் கொன்றுவிடுமாம். ரெண்டு சொட்டு என்று அந்தப் பையன் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்!

அங்கிருந்து நேராக அந்தக் கடைக்குப் போனேன். வெள்ளைக் கோட்டு ஆள் இருந்தார். முதலில் "பேக்கேஜுக்கு ரீஃபண்ட் கிடையாதுக்கா". நாய் எக்ஸ்ரே பற்றிக் கேட்டேன், "ஸ்டாஃப் மாத்தி அனுப்பிட்டான்". அப்படியென்றால் பூசணியுடையதைக் காட்டுங்கள் என்றேன், "சிஸ்டம் ஃபார்மட் ஆயிடுச்சு". டாக்டர் பேர் என்ன, பதிவு எண் என்ன என்றதும் குரல் ஏறியது, "மத்த கஸ்டமர் இருக்காங்க, சத்தம் போடாதீங்க". போகும்போது ஒரு கூப்பன் நீட்டினார்: ஒரு குளியல் இலவசம். 7,400 ரூபாய்க்கு ஒரு குளியல்! பூனைக்கு! சாயங்காலம் பார்த்தால் வாட்ஸப்பில் அவர் போட்டோவைக் காணோம், பிளாக் பண்ணிவிட்டார் போல.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், என் கடைக்கு ஆள் வந்துவிட்டார்கள், தலைக்கு மேல் வேலை. மயக்கம் இல்லாமலே பல் சுத்தம் என்றால் போகாதீர்கள். டாக்டரை நேரில் பார்த்து கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். என் 7,400 யாரோ ஒரு தனி ஆள் பேருக்குத்தான் போயிருக்கிறது, அனுப்பும் முன்னால் திரையில் வரும் பேரைப் பாருங்கள். பில் வாங்காமல் வெளியே வராதீர்கள். பாராசிட்டமால் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாம் கொடுத்த காசு 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லையாம், அதற்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜிபே ஸ்கிரீன்ஷாட், நாய்த் தாடை, குளியல் கூப்பன், எல்லாவற்றையும் மூணு மூணு காப்பி போட்டு வைத்துவிட்டேன். திங்கட்கிழமை நாமக்கல். பூசணி இப்போது தயிர்சாதத்தை நக்கிவிட்டு ஏ4 கட்டின் மேல் எச்சில் வடிய உட்கார்ந்திருக்கிறான்.