கட்டம் போட்ட காட்டன் வாங்குகிறீர்களா? கிழித்துத் தரச் சொல்லுங்கள்

தங்கை பேரனுக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கலாம் என்று கட்டம் போட்ட காட்டன் வாங்கினேன். 44 இஞ்ச் அகலம், 4 மீட்டர். "கிழிச்சுக் குடுப்பா" என்றேன். "கிழிச்சா நூல் பிரியும்க்கா, கட்டத்தைப் பிடிச்சே நேரா வெட்டித் தர்றேன். மில்லுலயே வாஷ் பண்ணி வந்த துணி, நனைக்கவே வேண்டாம்" என்றான் கடைப்பையன். நம்பினேன்.

கட்டத்தின் கோட்டிலேயே 49 சதுரம் வெட்டி, அடித்துணியும் அதிலேயே போட்டுத் தைத்தேன். தைத்து முடித்தபோது அவ்வளவு அழகு. ஒரு தண்ணீர் பட்டதும் முறுக்கிக்கொண்டது. மூலைக்கு மூலை டேப் பிடித்தால் ஒரு பக்கம் 50½ இஞ்ச், மறுபக்கம் 48½. சதுரமெல்லாம் சாய்ந்து கிடக்கின்றன.

மிச்சத் துணியை எடுத்து, கரையோரம் லேசாகக் கத்தரி வைத்து குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்றை உருவினேன். அறுந்துவிடாமல் சுருக்கிச் சுருக்கி இழுக்க, நூல் போன தடம் மெல்லிய கோடாகத் தெரிந்தது. இந்தக் கரையில் கட்டத்தின் கோட்டில் தொடங்கிய தடம், எதிர்க் கரைக்குப் போகும்போது இரண்டு இஞ்ச் கீழே இறங்கியிருந்தது! மில்லில் இரண்டு கரையையும் பிடித்து இழுத்துச் சூட்டில் காயவைக்கும்போது ஒரு பக்கம் முந்திப்போனால் ஊடை இப்படிச் சாயும். அதன்மேல் பிரிண்ட் போட்டுவிட்டார்கள். தண்ணீர் பட்டதும் நூல் தன் இடத்துக்குத் திரும்புகிறது, கட்டம் கோணுகிறது.

கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். "கட்டம் நேராத்தானே இருக்கு? வெட்டின துணியைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் துணிச் சுருள் இன்னும் கடை அலமாரியில்தான் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெளிறியிருந்தால் அது பிரிண்ட் கட்டம். சாய நூலில் நெய்த கட்டம் இரண்டு பக்கமும் ஒரே நிறமாக இருக்கும், கோடும் நூலோடே ஓடும். சாதா நெசவுக் காட்டன் ஊடை நூலை ஒட்டியே கிழியும், பொய் சொல்லாது. பிளெயின் துணி கொஞ்சம் சாய்ந்திருந்தால் நனைத்து, குட்டையான மூலைவாட்டைப் பிடித்து இழுத்துச் சரிசெய்யலாம். பிரிண்டே கோணலென்றால் வழியில்லை. நூலை நேராக்கினால் கட்டம் சாயும், கட்டத்தை நேராக்கினால் நூல் சாயும்.

49 சதுரத்தையும் பிரித்துப் போட்டுவிட்டேன். புதுத் துணி வேறு கடையில். கல்லாவுக்குப் பக்கத்திலேயே சர்ரென்று கிழித்தார்கள். கரையோடு கரை சேர்த்து மடித்து, கிழிந்த ஓரம் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் பணத்தை எடுத்தேன்.