சோளன் முறிக்கும் நாளைக் கணக்குப் பார்த்து நாலு பெரும்போகம்

எங்கள் காணி மட்டக்களப்பில் கரடியனாற்றுப் பக்கம், இரண்டு ஏக்கர் மேட்டு நிலம். முன்பெல்லாம் சோளன் முறிக்கும் நாளை மாமாதான் சொல்வார். தாள் வெளுத்து, பொத்தி தலைகீழாகத் தொங்கினால் முறிக்கலாம், அவ்வளவுதான். நாலு போகமாக நான் கொப்பியும் போன் கல்குலேட்டரும் வைத்துக் கணக்குப் பார்க்கிறேன். மாமா சிரிக்கிறதை இன்னும் விடவில்லை.

வீண் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன்: மணி எப்போது முற்றும் என்று அறிய வெப்ப அலகு எண்ணுவது. அன்றைய கூடிய வெப்பநிலையையும் குறைந்ததையும் கூட்டி, இரண்டால் பிரித்து, 10ஐக் கழிக்க வேண்டும். மார்கழியில் பகல் 28, இரவு 23 பாகை என்றால் அன்றைக்கு 15.5. குளிரும் கோடையும் மாறிவரும் அமெரிக்காவில் இது பெரிய விசயம். நமக்கு நாளுக்கு நாள் ஒன்றோ இரண்டோதான் வித்தியாசம். முதல் போகம் முழுக்க எழுதினேன். விதைப் பைக்கற்றில் போட்டிருந்த நாளிலிருந்து மூன்று நாள்தான் விலகியது. விட்டுவிட்டேன்.

மணி முற்றியதை அறிய நகம் போதும். பொத்தியின் நடுவில் ஒரு மணியைக் கழற்றி, ஒட்டியிருந்த அடிநுனியைச் சுரண்டினால் கறுப்புப் படலம் தெரியும். தெரிந்தால் மணி இனிப் பருக்காது. அந்த நேரம் ஈரப்பதன் 30 முதல் 35 வீதம் இருக்கும். அதன்பிறகு பயிர் நிற்பது காய்வதற்காக மட்டும்.

என் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. இன்னும் ஒரு நாள் விட்டால் எனக்கு என்ன மிச்சம், என்ன நட்டம்? மிச்சம், முற்றத்தில் காயவைக்கும் கூலி. நட்டத்தை அறிய நாலு நாளைக்கு ஒருக்கால் ஒரே வரிசையில் நூறு செடி எண்ணுவேன். சாய்ந்தது, கிளி கொத்தினது, பன்றி தின்றது எல்லாம் சேர்த்து. முதல் எண்ணலில் 3, அடுத்ததில் 5 என்றால் நாளுக்கு அரை வீதம் போகிறது. நாலாயிரம் கிலோ நிற்கும் காணியில் அது 20 கிலோ. அன்றைய விலையால் பெருக்கி, கூலியோடு ஒப்பிட வேண்டும். நட்டம் மிஞ்சும் நாள்தான் முறிக்கும் நாள். எனக்கு அது பெரும்பாலும் ஈரப்பதன் 22, 23 வீதத்தில் வந்து நிற்கிறது.

இரண்டாம் போகம் இந்தக் கணக்கே என்னைக் கவிழ்த்தது. தை மழை விடவில்லை, செடிகள் சாய்ந்துகொண்டே வந்தன, நட்டம் கூடியது, 27 வீதத்தில் முறித்துவிட்டேன். காயவைக்க வெயில் எங்கே? இருந்தது இரண்டு படங்கு. நாலாம் நாள் குவியலுக்குள் கையை விட்டால் சுடுகிறது, மணியில் பச்சைப் பூஞ்சணம். 2011 தையிலும் மாசியிலும் வெள்ளம் பார்த்த ஊரில் இருந்துகொண்டு வெயிலை நம்பிக் கணக்குப் போட்டது என் பிழைதான். இப்போது எத்தனை மூட்டையைக் கூரைக்குக் கீழே பரப்ப முடியும் என்பதை முதலில் எழுதுகிறேன். அதற்குமேல் ஒரே நாளில் முறிப்பதில்லை.

உண்மையில் காசு தந்தது வேறொரு சின்னக் கணக்கு. 20 வீத ஈரத்தில் 100 கிலோ விற்றால், 14 வீதத்துக்குக் காய்ந்தபின் அது எத்தனை கிலோ? 100ஐ 80ஆல் பெருக்கி 86ஆல் பிரித்தால் 93. ஆக, கழிவு 7 கிலோ. வாங்க வந்தவர் வீதத்துக்கு இரண்டு கிலோப்படி 12 கழித்தார். கொப்பியைக் காட்டினேன். "தம்பி, காயவைக்கிற செலவ ஆர் தாறது?" என்றார். அதுவும் நியாயம்தான். 9இல் முடிந்தது.

போன போகம் கணக்கு இன்னும் ஐந்து நாள் பொறுக்கச் சொன்னது. அன்றிரவு யானை வந்து வேலியோர மூலையை மிதித்துவிட்டுப் போனது. விடியவே மாமா சாக்கோடு வந்து நின்றார், முறித்துவிட்டோம்.

ஈரமானி வாங்கலாமா என்று சிலர் கேட்டார்கள். தனியாக வேண்டாம். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒன்று வைத்திருக்கிறோம். முறை வரும்வரை உப்புப் போத்தல்: நன்றாகக் காய்ந்த உப்பையும் ஒரு பிடி மணியையும் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் போட்டுக் குலுக்கிப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். உப்புக் கண்ணாடியில் ஒட்டினால் 15 வீதத்துக்கு மேல், மூட்டை கட்டக் கூடாது. எங்கள் போத்தலில் நேற்றும் ஒட்டியது.